முதலில் வந்த தண்ணீர் வண்டி

"இன்னொரு தரம் ஓட்டு மச்சான்!" என்றார் ரெக்கார்டு.

"இது பதினேழாவது தரம் அத்தான். கம்ப்யூட்டரே கொட்டாவி விடுது."

"விடட்டும். நீ ஓட்டு."

மச்சான் ஓட்டினான். கறுப்பு வெள்ளையில், சத்தமில்லாமல், ஒரு காலித் தெரு தெரிந்தது. யாரோ பிடரியில் தட்டியதுபோலக் காமிரா துள்ளி இடப்பக்கம் திரும்பியது. ஒரு சந்தின் வாசல். அதற்குள்ளிருந்து, உலகமே தன்னைத்தான் பார்க்கிறது என்ற தோரணையில், ஒல்லியான இளைஞன் ஒருவன் பீப்பாய் ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் பேண்டு வாத்தியக்காரர்கள், குதிரை, ஊர்ப் பெரிய மனிதர்கள்.

"அப்பா! எங்கப்பாடா மச்சான்! முதல் ஆளா வர்றாரு பாரு!" என்று ரெக்கார்டு பதினேழாவது தடவையும் நாற்காலி மேல் ஏறி நின்றார். ஐம்பத்து மூன்று வயது அரசாங்க ஊழியரின் எடை தனக்குச் சம்மதமில்லை என்று நாற்காலி முனகியது.

ரெக்கார்டு என்பது அவர் பெயரல்ல. நகராட்சி அலுவலகப் பதிவறையில் இருபத்தாறு வருடமாகக் காகிதத்துக்கும் கரையானுக்கும் நடுவே பஞ்சாயத்து செய்து வருவதால் ஊர் வைத்த பட்டம். போன வாரம் பழைய பிறப்புப் பதிவேடுகளை ஒதுக்கும்போது, அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பா அவர் கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. டப்பாவைச் சுற்றி நாலு அடுக்குத் துணி நாடா, அதன் மேல் அரக்கு முத்திரை, முத்திரை மேல் நகராட்சியின் முதல் தலைவரின் கையெழுத்து. உள்ளே ஒரு பிலிம் சுருள்: அறுபது வருடத்துக்கு முன்னால், ஊர் நகராட்சியான அன்று நடந்த ஊர்வலம்!

அந்த முதல் தலைவரின் பேத்திதான் இப்போதைய தலைவி. முத்திரையைப் பார்த்ததுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க தாத்தா எவ்வளவு பத்திரமா வெச்சிருக்காரு பாருங்க! பொக்கிஷம்! வர்ற ஞாயித்துக்கிழமை டவுன் ஹால்ல ஊருக்கே போட்டுக் காட்டணும்."

அன்றைக்கே அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. 'முதல் தலைவர் அவர்கள் ஊர்வலத்தின் முன்னே சென்று வழிகாட்டும் அரிய காட்சி' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஓரத்தில் சதுக்கத்துச் சிலையின் படம். ஊர்வலத்தன்று எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்துச் செய்த சிலை அது. முதல் தலைவர் வலது கையை நீட்டி ஆலைச் சந்துப் பக்கம் காட்டுவார். பீடத்தில் 'முன்னேறுவோம்' என்று எழுதியிருக்கும். அந்தச் சந்துக்குள் இன்றைக்கும் இருப்பது ஒரு பழைய ஆலையின் மதில்சுவரும் நாலு சைக்கிள்களும்தான். இருந்தாலும், அவர் எதிர்காலத்தைக் காட்டுகிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளும் மார்க்குக்காக ஒப்புக்கொண்டார்கள்.

சிக்கல் இதுதான்: பிலிமில் முதல் தலைவர் கடைசியில் வந்தார். குதிரைக்கும் பின்னால். குதிரை போட்டுவிட்டுப் போனதைத் தாண்டிக் குதித்துக்கொண்டு.

ரெக்கார்டுக்கோ அது சிக்கலாகவே தெரியவில்லை. அவருடைய அப்பா நகராட்சியில் தண்ணீர் வண்டி தள்ளியவர். "அன்னிக்கு நான்தான்டா முன்னால வந்தேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எப்படி என்று கேட்டால் மட்டும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். தண்ணீர் வண்டி எந்த ஊர்வலத்திலாவது முன்னால் வருமா? மயங்கி விழுகிறவர்களுக்காகக் கடைசியில் வருவதல்லவா அது? ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ரேஷன் கடை வரிசையில் அவரைக் கண்டால், "வழி விடுங்கப்பா, முன்னால போன வம்சம் வருது" என்பார்கள். அப்பாவோடு போகாமல் அந்தக் கேலி மகனுக்கும் சொத்தாக வந்து சேர்ந்தது. பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில்கூட ரெக்கார்டை முன்னால் போகச் சொல்லிச் சிரித்தார்கள்.

இப்போது நாலு நிமிடப் படம் அத்தனை பேர் வாயையும் அடைக்கப் போகிறது!

"அத்தான், ஒரு சந்தேகம்," என்றான் மச்சான். ரெக்கார்டு மனைவியின் தம்பி. ஊரில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுப்பவன்; இருவரும் இருந்ததும் அந்த ஸ்டூடியோவில்தான். பிலிமை நகரத்துக்கு எடுத்துப்போய்க் கம்ப்யூட்டரில் ஏற்றி வந்தவன் அவன்தான். "ஊர்வலம் மெயின் ரோட்டுல வராம, ஏன் ஆலைச் சந்துலேர்ந்து வருது?"

"அப்ப அதுதான் மெயின் ரோடா இருந்திருக்கும்." பதிவறைக்காரருக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருக்கவே கூடாது.

"சரி, இதைப் பாருங்க. ரெண்டு பேர் கம்புல கட்டி ஒரு பேனர் பிடிச்சிட்டு வர்றாங்களே, அதுல எழுத்தெல்லாம் இடம் வலமா மாறி இருக்கு. துணிக்குப் பின்பக்கத்துலேர்ந்து படிக்கிற மாதிரி."

"அப்ப நகரத்துல பிலிமைத் திருப்பிப் போட்டு ஏத்திட்டான். புரட்டிப் போடு."

மச்சான் புரட்டினான். பேனர் எழுத்து சரியாகிவிட்டது. கடைப் பலகைகள் எல்லாம் தலைகீழ் மொழிக்கு மாறின. மணிக்கூண்டு கடிகாரத்தில் எண்கள் திசை மாறி ஓடின. மறுபடி புரட்டினான். கடைகள் சரியாயின, பேனர் கெட்டது.

"பேனர் எழுதினவன்தான் தண்ணியில இருந்திருப்பான்," என்று ரெக்கார்டு வழக்கை முடித்தார்.

அந்த நேரம் எதிர்க்கடை டெய்லரம்மா எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்க உள்ளே வந்தார். எழுபதை நெருங்கும் வயது, கழுத்தில் அளவு டேப். திரையை ஒரு பார்வை பார்த்தார். இன்னொரு பார்வை பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அடப்பாவி! இதைப் படம் வேற எடுத்துட்டானா?"

"என்னம்மா? உங்களுக்கு இது தெரியுமா?"

"ரெண்டாவது வரிசையில ரெட்டைச் சடை, அது நான்தான்." சொல்லிவிட்டுச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. மிட்டாய் தின்ன வாய் இது. பேசக் கூடாது." ஒயரைச் சுருட்டிக்கொண்டு போயேவிட்டார்.

"வயசாச்சுல்ல," என்றான் மச்சான்.

ரெக்கார்டின் போன் அடித்தது. தலைவி!

"பத்து நிமிஷத்துல ஸ்டூடியோவுக்கு வர்றேன். தாத்தா முன்னாடி வர்றதை ஒரு தடவை நான் பார்த்துடணும். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை எனக்கு."

போன மாதம் தலைவிக்கு எதிர்ப்பேச்சுப் பேசிய வரைபடக்காரர் இப்போது நாய் பிடிக்கும் பிரிவில் வலையோடு ஓடிக்கொண்டிருக்கிறார். மறுபக்கம், ரெக்கார்டின் மனைவியோ ஏற்கனவே நாற்பத்தோரு சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, "எங்க மாமா முதல்ல வர்றாரு, வந்து பாருங்க!" என்று சொல்லி முடித்திருந்தார். கேலி செய்தவர்களாகப் பொறுக்கி எடுத்துச் சொல்லியிருந்தார்.

"இப்போதைக்கு ஒரு வழி இருக்கு அத்தான்," என்றான் மச்சான். "படத்தைப் பின்னாலேர்ந்து ஓட்டுவோம். கடைசியில வர்றவர் முதல்ல வந்துடுவாரு."

"செய்! செய்!"

தலைவி வந்தார், உட்கார்ந்தார், கைக்குட்டையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார். திரையில் முதல் ஆளாக முதல் தலைவர் தோன்றினார். தலைவி கைதட்டினார். பிறகு கைதட்டல் மெதுவாக நின்றது.

"தாத்தா ஏன் பின்னாடியே நடந்து போறாரு?"

மச்சான் அத்தானைப் பார்த்தான். அத்தான் விட்டத்தைப் பார்த்தார்.

"அது... மரியாதைங்க மேடம். மக்களுக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு அந்தக் காலத்துல பெரியவங்க இப்படித்தான் நடப்பாங்க."

தலைவியின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா! எப்பேர்ப்பட்ட மனுஷன்!"

அடுத்துக் குதிரை பின்னங்கால் வைத்துப் பின்னால் வந்தது. தரையில் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக எழும்பி, வந்த இடத்துக்கே திரும்பிப் போயிற்று.

தலைவி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இதுவும் மரியாதையா?"

"மேடம், அது வந்து..."

"ஞாயித்துக்கிழமை எங்க தாத்தா முன்னாடி வரணும். முன்னாடி பார்த்து நடந்து வரணும். இல்லேன்னா நாய் பிடிக்கிற செக்‌ஷன்ல இன்னொரு வலை சும்மாதான் கிடக்கு!"

அவர் போன பிறகு ரெக்கார்டு ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார். மச்சான் ஏற்கனவே வெட்ட ஆரம்பித்திருந்தான். கல்யாண வீடியோவில் வராத மாமாவை வந்ததுபோல் ஒட்டியவன். அவனுக்கு இது ஒரு வேலையா? முதல் தலைவர் வரும் துண்டை வெட்டி முன்னால் ஒட்டினான், பேனருக்காக அதை மட்டும் புரட்டிப் போட்டான். பிறகு குதிரை, பிறகு பேண்டு, பிறகு பெண்கள். கடைசியில் மிஞ்சியதைக் கடைசியில் ஒட்டினான்.

அந்த மிச்சம் தண்ணீர் வண்டி.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி மடிக்கணினியில் அந்தப் படத்தைப் பார்த்தார். முதல் நிமிடம் புன்சிரிப்போடு, இரண்டாவது நிமிடம் கழுத்தை நீட்டிக்கொண்டு.

"என்னங்க, மாமா எங்கே?"

"வருவாரு. கடைசியில வருவாரு."

வந்தார். பீப்பாயைத் தள்ளிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாக.

மனைவி கத்துவார் என்று ரெக்கார்டு எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் பதிலுக்கு இவரும் கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"உயிரோட இருந்தப்ப ஊரு அவரைக் கடைசியில நிறுத்துச்சு. இப்ப நீங்களே நிறுத்திட்டீங்க."

சுவரில் அப்பாவின் வேலை நிரந்தர உத்தரவு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஊர்வலத்துக்கு மறுநாள் தேதி, முதல் தலைவரின் கையெழுத்து. வெறும் தினக்கூலியாக இருந்தவருக்கு ஒரே நாளில் நிரந்தர வேலை! அதை அப்பா வாரம் ஒருமுறை துடைப்பார், துடைக்கும்போது தனக்குள் சிரித்துக்கொள்வார். ரெக்கார்டு இப்போது அதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு டவுன் ஹால் பிதுங்கியது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் தலைவியும் அவர் குடும்பமும். நடுவில் ஒரு படையாக நாற்பத்தோரு சொந்தக்காரர்கள். நுழையும்போதே ஒருவர், "முன்னால போன வம்சத்துக்கு முன்சீட்டு இல்லையா?" என்று ஆரம்பித்துவிட்டார். டெய்லரம்மா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தார்.

தலைவி மேடையில் பேசினார். "என் தாத்தா வழிகாட்டினார், இந்த ஊர் அவர் பின்னால போச்சு. அதை இன்னிக்கு நம்ம கண்ணாலேயே பார்க்கப் போறோம்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. விளக்குகள் அணைந்தன. பின்வரிசையில் மடிக்கணினியின் முன் மச்சான். பக்கத்தில் ரெக்கார்டு, வியர்வையில் ஊறிய சட்டையோடு.

"எதைப் போட அத்தான்? வெட்டினதா, வெட்டாததா?"

ரெக்கார்டின் கண்முன் நாய்கள் வரிசையாக வந்து நின்றன. கறுப்பு, செவலை, கடிக்கிறது, கடிக்காதது. அவற்றுக்குப் பின்னால் அப்பா வந்து நின்றார், பீப்பாயும் சிரிப்புமாக.

"ஒரிஜினலைப் போடு."

"நாய்?"

"கடிச்சா ஊசி போட்டுக்கலாம். நீ போடு மச்சான்!"

காலித் தெரு. துள்ளும் காமிரா. சந்தின் வாசல். தண்ணீர் வண்டி!

"மாமா!" என்று இருட்டில் மனைவியின் குரல் கிழிந்தது. நாற்பத்தோரு சொந்தக்காரர்களும் எழுந்து நின்றார்கள். "அட, நிஜமாவே முன்னாடிதான்யா வந்திருக்காரு!" என்று வாசலில் கேலி செய்தவரே முதலில் விசில் அடித்தார். ரெக்கார்டு இந்தத் தடவையும் நாற்காலி மேல் ஏறினார். பெண்கள் வந்தார்கள், பேண்டு வந்தது, குதிரை வந்தது. எல்லோருக்கும் பின்னால், தலைகீழ் எழுத்துப் பேனரை ஒட்டி, முதல் தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரு குதி குதித்தார்.

"நிறுத்துங்க!"

விளக்கு எரிந்தது. தலைவியின் முகமும் எரிந்தது.

"இது மோசடி! தன் அப்பாவை முன்னாடி கொண்டு வர்றதுக்காகப் படத்தையே மாத்தியிருக்கான் இந்த ஆளு! தம்பி, நீ சொல்லு. இந்தப் படத்துல கை வெச்சீங்களா இல்லையா?"

மச்சானுக்குப் பொய் சொல்ல வராது என்பதல்ல, சபையில் வராது. "ஒரு தரம் புரட்டினோம் மேடம். ஒரு தரம் பின்னாலேர்ந்து ஓட்டினோம், அது நீங்களே பார்த்தது. ஒரு தரம் வெட்டி ஒட்டினோம். ஆனா இது ஒரிஜினல் மேடம், சத்தியமா!"

ஹாலில் 'ஓ' என்று சத்தம் எழுந்தது. விசில் அடித்தவர் சாவதானமாக உட்கார்ந்தார். "அதானே பார்த்தேன். தண்ணி வண்டி எங்கேயாவது முன்னாடி வருமா?"

ரெக்கார்டு நாற்காலி மேலேயே நின்றார், இறங்கத் தெரியாமல். அப்பா மட்டும்தான் இதுவரை பொய்யர்; இப்போது குடும்பத்தோடு. "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருங்க," என்றார். அது யாருக்கும் கேட்கவில்லை.

ஓரத்து நாற்காலியிலிருந்து டெய்லரம்மா எழுந்தார்.

"நான் அன்னிக்கு ஊர்வலத்துல நடந்தவ. கேளுங்கம்மா. உங்க தாத்தாதான் முன்னாடி போனாரு."

தலைவி இடுப்பில் கை வைத்து ஊரைப் பார்த்தார். ரெக்கார்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"அதே மாதிரி, இந்தத் தம்பியோட அப்பாதான் முன்னாடி வந்தாரு."

"என்ன உளர்றீங்க? ஒரு ஊர்வலத்துல ரெண்டு பேர் எப்படி முன்னாடி?"

"போறப்ப உங்க தாத்தா. வர்றப்ப இவங்க அப்பா. படத்துல இருக்கிறது வர்றப்ப எடுத்தது. உங்க தாத்தா எங்களைக் கூட்டிட்டுப் போன ஆலைச் சந்து முட்டுச்சந்து, எதிரே மதில்சுவர். முன்னாடி போன குதிரையும் பேண்டும் எங்களைத் தாண்டித் திரும்பி வர வழியில்ல, அவ்வளவு நெருக்கம். அதனால நின்ன இடத்துலயே அப்படியே எல்லாரும் திரும்பினோம். பேனரைத் திருப்பக்கூட இடமில்ல, பிடிச்ச ரெண்டு பேர் மட்டும் திரும்பிக்கிட்டாங்க. கடைசியில நின்ன தண்ணி வண்டி முதல்ல ஆயிடுச்சு. 'எல்லாரும் என் பின்னால வாங்க'ன்னு இவங்க அப்பாதான் எங்களை வெளியே கூட்டிட்டு வந்தாரு. எப்பேர்ப்பட்ட தைரியசாலி!"

ரெக்கார்டு கண்ணைத் திறந்தார். கண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. எட்டு வரிசைக்கு அப்பாலிருந்து அவர் மனைவி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

"அறுபது வருஷமா இதை ஏன் சொல்லல?" என்று யாரோ கேட்டார்கள்.

"வெளியே சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு ஆளுக்கொரு டப்பா மிட்டாய். பேண்டுக்காரங்களுக்குப் புது யூனிபாரம். தண்ணி வண்டிக்காரருக்கு வேலை நிரந்தரம். நாங்க வாக்குத் தவறல. படம்தான் தவறிடுச்சு."

"பொய்!" தலைவியின் குரல் நடுங்கியது. "எங்க தாத்தா இந்த ஊரையே கட்டினவர்! வழி தெரியாம ஆலைச் சந்துக்குள்ள போனாருன்னா அதுக்கு என்ன ஆதாரம்? ஒரே ஒரு ஆதாரம் காட்டுங்க பார்ப்போம்!"

டெய்லரம்மா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அதான் சதுக்கத்துல கையை நீட்டிக்கிட்டு நிக்குதேம்மா, 'பயப்படாம உள்ள வாங்க, இந்தப் பக்கம் குறுக்கு வழி இருக்கு'ன்னு அவர் சொன்னப்ப எடுத்த போட்டோதான் அது!"